கோடை விடுமுறையும் பொது நூலகமும்

ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே பாடநூல்கள் பரணில் ஏறிவிடுகின்றன. அடுத்த வகுப்பின் பாடநூல்கள் கைக்கு வர ஜூன் மாதம் ஆகிறது. இடைப்பட்ட வாரங்களில் குழந்தை எதைப் படிக்கிறது என்னும் வினாவைப் பெற்றோரோ ஆசிரியரோ பெரும்பாலும் எழுப்புவதில்லை. விடுமுறை விளையாட்டுக்கு உரியது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரே வகுப்பில் பயிலும் இரு குழந்தைகளின் மொழித்திறனுக்கு இடையே பெரும் இடைவெளி தோன்றுவது இவ்விடுமுறையில்தான் என்பது சிந்தனைக்குரியது.

முதலாண்டுப் பொதுத்தமிழ் வகுப்பில், தொடக்க நாள்களில் மாணவர்களை ஓர் உரைநடைப் பகுதியை வாய்விட்டுப் படிக்கச் செய்வது நமது வழக்கம். சிலர் தடையின்றிப் படிப்பர். சிலர் இரண்டு வரிகளுக்குள் தடுமாறி நிற்பர். இரு திறத்தாரும் ஒரே பாடநூலைப் பயின்று, ஒரே தேர்வில் வென்று வந்தவர்களே. பாடநூல் அல்லாத முதல் நூலை எப்போது கையில் எடுத்தீர்கள் என்று பின்னர்த் தனியே வினவுவோம். சரளமாகப் படித்தோர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு விடுமுறையையும் ஊரிலிருந்த சிறு நூலகத்தையும் நினைவுகூர்வர். தடுமாறியோருள் பலர், கல்லூரி நூலகமே தாம் நுழைந்த முதல் நூலகம் என்று தலைகுனிந்து கூறுவர். அதற்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். பத்து வயதில் அவர்களை நூலகத்துக்கு அழைத்துச் செல்லாத பெரியவர்களே பொறுப்பேற்க வேண்டும்.

ஆய்வு கூறுவது

அமெரிக்காவின் அட்லாண்டா நகர மாணவர்களை ஆராய்ந்த பார்பரா ஹெய்ன்ஸ் என்னும் சமூகவியலாளர், தம் முடிவுகளை 1978ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பள்ளி நடைபெறும் மாதங்களில் ஏழைக் குழந்தையும் வசதி படைத்த குழந்தையும் ஏறத்தாழ உடன் நடக்கின்றனர்; கோடையில் வசதி குறைந்த குழந்தை பின்தங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. வேறெந்தப் பொது நிறுவனத்தைக் காட்டிலும் பொது நூலகமே கோடைக்காலத்தில் குழந்தைகளின் சொல்வளத்தைப் பெருக்கத் துணைநின்றது என்றும் அவர் கண்டறிந்தார். பிரிட்டனில் 1999 முதல் நடைபெற்று வரும் கோடை வாசிப்புத் திட்டமும் விடுமுறைக்குள் ஆறு நூல்கள் என்னும் எளிய இலக்கோடு தொடங்கியதேயாகும்.

இதன் காரணத்தை அறிவது கடினமன்று. புத்தக அலமாரி உள்ள வீட்டுக் குழந்தைக்குப் பள்ளி மூடினாலும் படிப்பு மூடுவதில்லை. அலமாரி இல்லாத வீட்டுக் குழந்தைக்குப் பொது நூலகமே அலமாரி.

நம் மண்ணின் மரபு

இச்சிந்தனை நமக்குப் புதியதன்று. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாசகர் என்னும் அச்சொல்லில் எட்டு வயதுச் சிறுமியும் அடங்குவாள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் தொடங்கப்பெற்றது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. அதன்வழி, சொத்து வரியுடன் நூலக வரியும் மக்களிடம் பெறப்படுகிறது. எனவே நூலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலிலும் நமக்கும் பங்குண்டு. பங்கு இருந்தும் பயன்கொள்ளாதிருப்பது நமது குறையேயாகும்.

திட்டம் நடைபெறும் முறை

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மாவட்ட மைய நூலகங்கள் பலவற்றிலும் கோடையில் சிறுவர்க்கான முகாம்கள் நடத்தப்படுகின்றன. கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் அவற்றை எளிதில் நடத்தலாம். குழந்தையை உறுப்பினராக்கி, ஒரு வாசிப்பு அட்டை வழங்க வேண்டும். படித்த நூலின் பெயரைக் குழந்தை தன் கையால் அதில் எழுதும். வாரம் ஒருநாள் குழந்தைகள் கூடி, தாம் படித்த கதையைத் தம் சொற்களில் கூறுவர். இறுதியில் அனைவர்க்கும் சான்றிதழ் வழங்கலாம். பரிசுக்கான போட்டியாக இதனை மாற்றிவிட்டால், மெதுவாகப் படிக்கும் குழந்தை இரண்டாம் வாரமே விலகிவிடும்.

நூலைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். படக்கதை வேண்டா, பொது அறிவு நூலை எடு என்று பெரியவர்கள் கட்டளையிடுவது ஆர்வத்தைக் கருகச்செய்யும். அதே வேளையில், திறனுக்கேற்ற நூல் அருகில் இருப்பதும் இன்றியமையாதது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளாக வகுத்தது ஈண்டு எண்ணத்தக்கது. நுழைய வேண்டிய குழந்தையின் கையில் பறக்க வேண்டிய நூலைத் திணித்தல் ஆகாது.

நாம் செய்யத்தக்கவை

தமிழ் பயிலும் மாணவ மாணவியர், விடுமுறையில் வாரம் ஒருமணி நேரம் தம் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டலாம். தமிழ் கற்றதன் பயனை அவர்கள் நேரில் காணும் இடம் அதுவாகும். பள்ளி ஆசிரியர்கள் தேர்வின் கடைசி நாளுக்கு முன்பே மாணவர்களை நூலகத்துக்கு அழைத்துச் சென்று நூலகரை அறிமுகப்படுத்தலாம். ஊர்ப் பெரியோர்கள் நூலகத்தின் புரவலராகலாம். வாசகர் வட்டத்தில் இணைந்து சிறுவர் நூல்களையும் தாழ்வான இருக்கைகளையும் பெற்றுத்தரலாம்.

பெரியோர்களிடம் மற்றொன்றையும் வேண்டுகிறோம். கோடையில் சிறுவன் தெருவெங்கும் சுற்றி வருகிறான். அவன் தங்கையோ வீட்டு வேலைக்குத் துணையாகிவிடுகிறாள். தனியே அனுப்பத் தயக்கம் இருப்பின், தெருப் பெண் குழந்தைகளை ஒருங்கே அழைத்துச் செல்ல ஒரு தாயோ அக்காவோ முன்வந்தால் போதும். வாரத்தில் ஒரு பிற்பகலை அவளுக்கென ஒதுக்குதல் எக்குடும்பத்துக்கும் இயலாததன்று.

வரும் கோடையில் நம் வீட்டுக் குழந்தையையும், புத்தகம் இல்லாத அண்டை வீட்டுக் குழந்தையையும் இரு கைகளிலும் பற்றி நூலகப் படியேறுவோம். சில ஆண்டுகள் கழித்துக் கல்லூரி வகுப்பில் உரைநடைப் பகுதியைப் படிக்க எழும் அவ்விருவரும் தடுமாறாமல் படிப்பர்.