தீயணைப்புப் பம்பு என்ஜினின் டீசல் தொட்டி: அமைவிடம்

மின்சாரம் தடைபட்டாலும் தீயணைப்புப் பம்பு ஓட வேண்டும் என்பதற்காகவே அதனுடன் டீசல் என்ஜின் பொருத்தப்படுகிறது. அதற்கான டீசல் தொட்டியை எங்கே வைப்பது என்பதை அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 20 தரநிலை வரையறுக்கிறது.

பெட்ரோல் நிலையங்களில் உள்ளதுபோல் இத்தொட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது. தரைக்கு மேலே நிறுத்த வேண்டும். டீசல் வெளியேறும் வாய், என்ஜினின் எரிபொருள் பம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது.

காரணம் எளிது. தொட்டி தாழ்வாக இருந்தால் டீசலை உறிஞ்சி மேலே இழுக்க வேண்டும். குழாய் இணைப்பில் சிறு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. தீப்பிடித்த நேரத்தில் என்ஜின் கிளம்பாமல் போகலாம். தொட்டி உயரத்தில் இருந்தால் டீசல் தானே இறங்கி வரும். அதே ஓட்டை சொட்டாகக் கசிந்து, வாராந்திரச் சோதனையின்போதே கண்ணில் படும்.

அளவுக்கு மீறி உயர்த்துவதும் தவறு. தொட்டி நிறைந்திருக்கும்போது உண்டாகும் அழுத்தம், எரிபொருள் பம்பு தாங்கும் வரம்பைத் தாண்டக் கூடாது.

கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். எனவே வெப்பநிலை 0 டிகிரி செல்சியசைத் தொடக்கூடிய இடங்களில் தொட்டி பம்பு அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஒவ்வோர் என்ஜினுக்கும் தனித் தொட்டி தேவை. கொள்ளளவு, ஒரு கிலோவாட்டுக்கு 5.07 லிட்டர், அதற்கு மேல், டீசல் விரிவடைய 5 விழுக்காடும் அடியில் வண்டல் தங்க 5 விழுக்காடும் சேர்க்க வேண்டும். 100 கிலோவாட் என்ஜினுக்கு இது ஏறத்தாழ 558 லிட்டர் ஆகும்.