இரத்தம் மீண்டும் உறைவது ஏன்?

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? வாய்க்காலில் ஓடிவரும் நீரில் உப்பு படிவதில்லை. பாத்தியில் தேங்கி, வெயிலில் செறிவு மிகுந்த பின்னரே படிகிறது. இரத்தம் உறையும் முறை வேறு. ஆயினும் 'தேக்கம்' இரண்டிலும் பங்கு பெறுகிறது.

நிற்கும் ஒருவரின் இதயத்திற்கும் கணுக்காலுக்கும் இடையே சுமார் 120 செ.மீ. உயரம் இருக்கும். அவ்வளவு உயரமுள்ள இரத்தத் தம்பம் கணுக்காலில் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தருகிறது. உப்பு வாரும் தொழிலாளி நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் இரத்தம் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அழுத்தம் சுமார் 30 மி.மீ. ஆகக் குறைகிறது. அவரே கால் முறிந்து படுத்துவிட்டால் இந்தப் பம்பு நின்றுவிடும்.

தேக்கம், இரத்தக் குழாய்ச் சுவரின் சிதைவு, இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றுமே உறைவுக்குக் காரணம் என்பர். ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ 1856-இல் வெளியிட்ட ஆய்வுகளே இக்கருத்துக்கு அடிப்படை. கால் சிரையில் உண்டான கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

உறைவைத் தடுக்கும் மருந்தைக் குறைந்தது 3 மாதம் தருவார்கள். நிறுத்திய பின் நோய் மீண்டும் வருமா? அது முதற்காரணத்தைப் பொறுத்தது. பெரிய அறுவை சிகிச்சையால் வந்ததெனில், ஓராண்டில் 100 பேரில் ஒருவருக்கே திரும்புகிறது. காரணம் நீங்கிவிட்டதல்லவா? பிரசவமும் இத்தகைய தற்காலிகக் காரணமே. வெளிப்படையான காரணமின்றி வந்ததெனில், முதலாண்டில் 100-க்கு 10 பேருக்கும், ஐந்தாண்டுகளில் 25 பேருக்கும் திரும்புகிறது.

வேறு காரணங்களும் உண்டு. பெண்களைவிட ஆண்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். உடற்பருமன், புற்றுநோய், உறைவைத் தூண்டும் சில எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருத்தல், உறைவைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் பிறவியிலேயே குறைந்திருத்தல் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். கெண்டைக்காலில் மட்டும் கட்டி வந்தவரைவிட, தொடைச் சிரையில் வந்தவருக்கு ஆபத்து மிகுதி.

அப்படியாயின், எல்லோரும் ஆயுள் முழுதும் மருந்து உண்ணலாமே என்று கேட்பீர்கள். இம்மருந்தால் இரத்தக்கசிவு நேரக்கூடும். இரு ஆபத்துகளையும் தராசில் இட்டுப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். எனவே வீக்கம் வடிந்துவிட்டதென்று நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டி நெஞ்சு வலித்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்பு உறைவு வந்திருப்பதை அங்கே மறவாமல் சொல்லுங்கள்.