இரும்பு குறைந்தால் ஈயம் நுழையும்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்குகிறது. மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்துக் குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் இந்த நேரத்தில், வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் பின்னிக்கொண்டு வருகின்றன. காவிரித் தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறார்களே, அதில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டால் வயதான காலத்தில் என்ன ஆகும்? ரேஷன் கடையில் தரும் செறிவூட்டப்பட்ட அரிசி நம்மைக் காப்பாற்றுமா? இரண்டுக்கும் விடை சிறுகுடலில் இருக்கிறது.

காவிரியில் இரண்டு ஆண்டுகள் மாதிரி எடுத்த சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், ஆர்செனிக், குரோமியம், ஈயம், நிக்கல் முதலிய உலோகங்களும் மருந்து எச்சங்களும் தண்ணீரில் இருப்பதாக 2021-ல் தெரிவித்தார்கள். டி.ஏ.பி. போன்ற பாஸ்பேட் உரங்களோடு சிறிதளவு காட்மியமும் வயலுக்கு வருகிறது. இப்படி ஆய்வு வரும்போதெல்லாம் ‘அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான்’ என்பதே அதிகாரிகளின் வழக்கமான பதில். அந்த வரம்பு தண்ணீரையும் தானியத்தையும் அளக்கும் எண். சாப்பிடுகிறவரின் உடம்பை அது அளப்பதில்லை. ஈயத்தைப் பொறுத்தவரை, பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உடம்பு ஏன் முக்கியம்? சாப்பாட்டிலுள்ள இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ளச் சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் வாசல்போல நிற்கிறது. இரும்புச் சத்து குறைந்தால், கிடைக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிக்க உடம்பு அந்த வாசல்களைப் பெருக்குகிறது. உயிர் காக்கும் ஏற்பாடுதான். ஆனால் அந்த வாசலுக்கு ஆள் பார்த்து விடத் தெரியாது. காட்மியமும் ஈயமும் அதே வழியாக நுழைந்துவிடுகின்றன. ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டாலும், ரத்தசோகை உள்ள மருமகளின் உடம்பில் மாமனாரைவிட அதிக நஞ்சு சேரலாம்.

நுழைந்தது எளிதில் வெளியேறாது. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியத்தில் பாதி கழியவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். பெரியவர்களின் உடம்பிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் பதுங்கியிருக்கும். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும்போது அது மீண்டும் ரத்தத்தில் கலக்கும். இளமையில் வந்த நஞ்சுக்கு முதுமையில் விலை கொடுக்கிறோம்.

ஜப்பானின் தொயாமா பகுதியில் இது கண்கூடாக நடந்தது. கமியோக்கா சுரங்கத்தின் காட்மியக் கழிவு கலந்த ஜின்சு ஆற்றுநீரில் நெல் விளைந்தது. எலும்புகள் நொறுங்க ‘இதாய், இதாய்’ (வலிக்கிறது, வலிக்கிறது) என்று கதறியவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்ற, 50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள். 1968-ல் ஜப்பான் அரசு அதை மாசுபாட்டால் வந்த நோய் என ஏற்றது. ஜின்சுவின் நஞ்சளவு வேறு, காவிரியின் அளவு வேறு. ஆனால் சிறுகுடல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தக் கணக்கு 49 வயதோடு நின்றுவிடுகிறது. ‘ரத்தசோகை இல்லா பாரதம்’ திட்டத்தின் ஆறு பிரிவினரிலும் முதியோர் இல்லை. நஞ்சு நுழையும் வயதில் எண்ணுகிறோம். அது வேலையைக் காட்டும் வயதில் எண்ண மறுக்கிறோம்.

மற்ற கேள்விகள்:

செறிவூட்டப்பட்ட அரிசி பிளாஸ்டிக்கா? இல்லை, அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள், 100-க்கு 1 என்ற கணக்கில் கலந்திருக்கும்.

நஞ்சைத் தடுக்க அது மட்டும் போதுமா? இரும்பு கூடினால் சிறுகுடலின் அந்த வாசல்கள் குறையும், ஆனால் இந்த அரிசி மட்டும் போதாது, முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெத்திலி, பயறு, கூடவே நெல்லிக்காயும் வேண்டும்.

சாப்பிட்டதும் டீ, காபி? இரும்பைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சோற்றை வடிக்கலாமா? நல்ல தண்ணீரில் வடித்தால் ஆர்செனிக் கணிசமாகக் குறையும். சத்தும் கொஞ்சம் போகும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால்? ஆர்செனிக் குறையும், காட்மியம் ஏறும். கதிர் பால் பிடிக்கும்போது வயலைக் காயவிடாதீர்கள்.

இரும்பு மாத்திரையை நாமே வாங்கிப் போடலாமா? கூடாது, முதலில் ரத்தப் பரிசோதனை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது, நாற்று நட்டே முதுகு வளைந்த உங்கள் வீட்டு ஆத்தாவுக்கு ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.