உங்களுக்குத் தெரியுமா? விமானம் வந்து சேரும் கணம் எது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 பிப்ரவரி 17 முதல் அமலிலுள்ள 261-ஆம் எண் விதியில், தாமதத்தில் சிக்கிய விமானப் பிரயாணிகளுக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல் அறையும் தரவேண்டுமென்று கூறப்பட்டிருந்ததேயன்றி, நஷ்டஈடு தரவேண்டுமென்ற வெளிப்படையான வாசகம் இல்லை. 2009-இல் லக்ஸம்பர்க்கிலுள்ள ஒன்றிய நீதிமன்றமே, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்துச் சேர்ந்தவர்களும், விமானம் ரத்தானவர்களைப் போலவே, தூரத்துக்குத் தக்கபடி 250 முதல் 600 யூரோ வரை பெற உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது.

'சேர்ந்த நேரம்' என்பது எது? ஸால்ஸ்பர்கிலிருந்து கொலோன்-பான் சென்ற ஒரு விமானத்தின் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிஷம். அது நிற்குமிடத்தை அடைந்தபோதோ 3 மணி 3 நிமிஷம். நஷ்டஈடு முழுவதும் அந்த ஐந்து நிமிஷத்தில் தொங்கியது! கதவுகளில் ஒன்றேனும் திறந்து, பிரயாணிகள் இறங்க அனுமதி பெறும் கணமே சேர்ந்த நேரம் என்றும், அதுவரை அவர்கள் அடைபட்ட இடத்தில் விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறார்கள் என்றும் 2014-இல் நீதிபதிகள் விளக்கியது, பிரயாணியின் ஆசனத்திலேயே அமர்ந்து யோசித்த நியாயமாக எனக்குப் படுகிறது.

புயல் முதலிய அசாதாரணக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. இயந்திரக் கோளாறு பொதுவாக அதில் சேராது.