திரையில் கண்ட ஊரைத் தேடி

காவியத்திலே படித்த இடத்தைக் கண்ணாலே காண விழைவது மனித இயல்பு. சிலப்பதிகாரம் கற்றவர் பூம்புகாருக்குச் சென்றால் கடலை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. அலைகளுக்கு அடியிலே மருவூர்ப்பாக்கத்தையும் தேடுகிறார். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மனத்தைப் பறிகொடுத்தவர் வீராணம் ஏரிக்கரையிலே குதிரையின் குளம்பொலியைக் கேட்கிறார். நமது மலைநாட்டிலும், நுவரெலியாவை அடுத்த சீதா எலியவிலே, ஓடைக்கரைப் பாறையிற் காணும் குழிகளை அநுமனின் அடிச்சுவடுகள் என்று காட்டக் கேட்டு மெய்சிலிர்த்து நிற்கும் யாத்திரிகர்களைக் காணலாம்.

இக்காலத்திலே காவியத்தின் இடத்தைப் பெருமளவுக்குத் திரைப்படம் பிடித்துக்கொண்டது. ஆகவே, தாம் விரும்பிய படம் எடுக்கப்பட்ட ஊரைத் தேடிச் செல்லும் புதியதொரு யாத்திரையும் தோன்றிவிட்டது. இதனை வீண் பொழுதுபோக்கு என்று இகழ்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. செல்லும் முறையறிந்து சென்றால், நல்ல நூலொன்றைப் படித்ததற்கு ஒப்பான பயன் அதிலும் உண்டு.

அக்கரப்பத்தனையில் வாழும் எங்களுக்கு அத்தகைய தலமொன்று ஒருநாட் பயண எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் பெருந்தெருவில் அமைந்த கித்துல்கலவே அது. கொழும்புக்குப் பிழைப்புத் தேடிப் போகும் எங்கள் இளைஞர்கள் பஸ்ஸின் சாளரத்திற் சாய்ந்து உறங்கியபடியே அவ்வூரைக் கடந்துவிடுகிறார்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனி கங்கையெனப் பெயர்பெற்று, காடடர்ந்த பள்ளத்தாக்கினூடே அங்கே பாய்கின்றன. ‘தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்’ என்னும் ஆங்கிலப் படத்திற்காக டேவிட் லீன் பாலம் கட்டியது அந்த ஆற்றின் குறுக்கேதான்.

பியர் பூல் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1952இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது அப்படம். யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினர் சயாம் காட்டிலே புகைவண்டிப் பாலம் ஒன்றைக் கட்டுவதும், கட்டி முடித்த பாலம் தகர்வதுமே கதை. 1957 மார்ச் மாதத்தில், மெய்யான புகைவண்டி ஓடிவர, மெய்யான பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. முதன்முறை முயன்றபோது படப்பிடிப்பாளர் ஒருவரின் சைகை கிடைக்காமையால் வெடி வைக்கப்படவில்லை. வண்டி பாலத்தைக் கடந்து அப்பால் ஓடி மோதிற்று. பின்னர் அதனை மீட்டு நிறுத்தி மறுமுறை எடுத்தனர். படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிட்டின. பாலம் போயிற்று, அதனைத் தாங்கிய கொங்கிறீற்று அடித்தளங்கள் மாத்திரம் கரையிலே இன்றும் எஞ்சியுள்ளன.

இவ்வாறான இடத்துக்குப் புறப்படுவோர் சில ஆயத்தங்களைச் செய்துகொள்ளல் வேண்டும். முதலாவது, புறப்படுவதற்கு முன் படத்தை மறுபடியும் பார்ப்பது. அதுவும் கதையை மறந்து, மலையின் விளிம்பையும் ஆற்றின் வளைவையும் பாறைகளின் கிடக்கையையும் மனத்திற் பதித்துக்கொண்டு பார்ப்பது. இரண்டாவது, காலம் அறிவது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் கித்துல்கல ஈரக்காடு. ஆறும் சீறிப் பாயும். சனவரி முதல் மார்ச் வரையிலான காலமே உகந்தது. மூன்றாவது, வழி. லிந்துலை, தலவாக்கலை வழியாக அட்டனை அடைந்து, அங்கிருந்து அவிசாவளைப் பக்கம் செல்லும் பஸ்ஸைப் பிடிக்கலாம். அதிகாலையிற் புறப்படின் மாலைக்குள் மீளலாம். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு சொல்: ஆற்றைக் கரையில் நின்றே காட்டுக. அதன் அழகை நம்பி எவரையும் இறங்கவிடற்க.

இவை எல்லாம் புற ஆயத்தங்கள். அக ஆயத்தம் ஒன்று உண்டு, அதுவே தலையாயது. காட்டப்பட்டது எது, காட்டாமல் விடப்பட்டது எது என்று கேட்கும் மனத்தை உடன் கொண்டு செல்வதே அது.

மாணவர் சிலருடன் அங்கு நின்றபோது, அவர்களுள் ஒருவன், “சேர், நெசமாவே இந்த ரயில் ரோட்ட போட்டது வெள்ளைக்காரங்க மட்டுந்தானா?” என்று வினவினான். படத்தைப் பார்த்த கோடிக்கணக்கானோருள் எத்தனை பேர் அவ்வினாவை எழுப்பியிருப்பர்!

உண்மை வேறு. சயாம்–பர்மாப் புகைவண்டிப் பாதை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமானது. 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிக்கப்பட்டது. அதிலே இறந்த போர்க்கைதிகள் ஏறக்குறைய 13,000 பேர். ஆசிய நாட்டுத் தொழிலாளருள் மடிந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடப்படுகின்றனர். பர்மியர், யாவகத்தார், சீனர், மலாயர் ஆகியோருடன் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் பல்லாயிரவர் அவருள் அடங்குவர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. தாய்லாந்தின் காஞ்சனபுரியிலுள்ள போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறைகள் வரிசையாய் உள்ளன. அத்தமிழருட் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதி அவர்கள் கதையைத் தமிழிலே நிலைநிறுத்தினார்.

இதனை அந்த மாணவர்களுக்குச் சொன்னபோது அவர்கள் மௌனமாயினர். காரணம் வெளிப்படை. தமிழகத்தின் ஒரே கிராமத்திலிருந்து அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி பினாங்குக்கும் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. கங்காணியின் சொல் எந்தத் துறைமுகத்தைக் காட்டியதோ, அதுவே விதியாயிற்று. இறப்பர்க் காட்டுக்குப் போனவனின் சந்ததி சயாமிற் செத்தது. தேயிலை மலைக்கு வந்தவனின் சந்ததி களனிக் கரையிலே நின்று அந்தப் பாலத்தின் எச்சத்தைப் பார்க்கிறது.

திரைப்படத்தின் ஆற்றலுக்கு இன்னுமொரு சான்று கூறுவேன். படத்தைக் கண்டு மெய்யான பாலத்தைத் தேடி உலகெங்குமிருந்து பயணிகள் காஞ்சனபுரிக்கு வரலாயினர். அங்குள்ள பாலமோ மே குளோங் ஆற்றின்மேல் இருந்தது. 1960ஆம் ஆண்டிலே அவ்வாற்றின் அப்பகுதிக்குக் ‘குவே யாய்’ என்று பெயரையே மாற்றினர். கதைக்கேற்ப ஆறு பெயர் மாறியது! இவ்வளவு வலிமையுள்ள கலை எவரை மறக்கிறதோ, அவரை உலகமும் எளிதில் மறந்துவிடும் அன்றோ?

நமது தீவு பிறநாடாகப் பலமுறை வேடமிட்டதுண்டு. 1984இல் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்தில் கண்டிப் பகுதி இந்தியக் கிராமமாயிற்று. காசியில் எதிர்ப்பு எழுந்து படப்பிடிப்பு நின்றபின், தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ (2005) படத்துக்காகக் கங்கைக்கரை இலங்கையிலே உருவாயிற்று. எலிசபெத் ரெயிலர் நடித்த ‘எலிபன்ற் வோக்’ (1954) படத்திலோ இலங்கை இலங்கையாகவே வந்தது. தேயிலைத் தோட்டமே களம். எனினும் துரையின் பங்களாவும் துரைசாணியின் மனத்துயருமே அங்கு கதை. கொழுந்து பறித்தோர் கூட்டமாக வந்து கூட்டமாகவே மறைந்தனர்.

எங்கள் மலைகளுக்கு இது புதிதன்று. அக்கரப்பத்தனையைச் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: கிளாஸ்கோ, பெல்மோரல், டொரிங்டன். கமரா வருமுன்னரே, தோட்டத்துரைமாரின் தாயகம் இம்மலைகளின்மேல் எழுதப்பட்டுவிட்டது.

ஆயினும், தொழிலாளியைக் கதையின் நடுவிலே நிறுத்திய படங்கள் இந்நாட்டிலே பிறக்காமலில்லை. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ வந்தது. மலையகத்தின் பெருமைக்குரிய எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்துப் பணியில் ஈடுபட்டார். 1983 யூலைக் கலவரத்திலே ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரியுண்டபோது இலங்கைத் திரைப்படச் சுருள்கள் பல சாம்பலாயின. எங்கள் முகம் பதிந்த படங்களைப் பார்ப்பதே அரிதாகிவிட்ட நிலையில், அவை எடுக்கப்பட்ட இடங்களை யார் தேடுவார்?

ஆசிரிய நண்பர்களும் மாணவச் செல்வங்களும் அந்தத் தேடலையே மேற்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். அப்படங்களில் நடித்தோரையும், படப்பிடிப்பை வேடிக்கை பார்த்து நின்றோரையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் லயங்களில் இருக்கக்கூடும். எந்த மலைச்சரிவிலே கமரா நின்றது, எந்த வாசலிலே காட்சி நடந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கித்துல்கலவுக்கும் கட்டாயம் செல்லுங்கள். டேவிட் லீனின் கலையை வியந்து போற்றுங்கள். அவ்வியப்பு அடங்கியபின், படத்துக்குள் வராமற் போனவர்களுக்காக அந்த ஆற்றங்கரையிலே சிறிது நேரம் நின்று திரும்புங்கள்.