எல்லைச் சாலைகளில் மோட்டார் விளக்குகள்

கேரளத்தில் வாழும் தமிழ் மக்கள் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் திரும்புவது நெடுநாளைய வழக்கம். முன்பு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தவர்களில் பலர் இன்று சொந்த மோட்டார் வண்டியில் வருகின்றனர். கொச்சியிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் புறப்படுவோர் பாலக்காட்டுக் கணவாய் வழியே வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூரை அடைகின்றனர். இடுக்கி மாவட்டத்தில் தோட்டங்களிலும் கடைகளிலும் தொழில் செய்வோர் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மலைவழிகளுள் ஒன்றால் தேனி மாவட்டத்துக்கு இறங்குகின்றனர். இரவில் இவ்வழிகளில் வந்தவர்களைக் கேட்டால் இரண்டு குறைகளைச் சொல்லுவார்கள். எதிரே வந்த வண்டியின் விளக்கு கண்ணைப் பறித்தது என்பது ஒன்று. முன்னே சென்ற வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது விளங்கவில்லை என்பது மற்றொன்று. இக்குறைகள் ஏன் எழுகின்றன, அவற்றுக்கு நாம் செய்யக்கூடியது யாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

மோட்டார் விளக்குக்குக் கடமைகள் இரண்டு. ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டுவது முதற் கடமை. நாம் இங்கே இருக்கிறோம், இன்னது செய்யப் போகிறோம் என்று பிறருக்கு அறிவிப்பது இரண்டாவது கடமை. இன்றைய விளக்குகள் முதற் கடமையைப் பழைய விளக்குகளைவிடப் பன்மடங்கு நன்றாகச் செய்கின்றன. இரண்டாவது கடமையில்தான் தவறுகின்றன.

ஹாலொஜன் பல்பு என்பது ஒரு மெல்லிய இழை சூடேறி ஒளிர்வது. அதன் ஒளி சற்று மஞ்சள் கலந்தது. அதன் நிற வெப்பநிலை சுமார் 3,200 கெல்வின். இன்று பெருகிவரும் எல்.இ.டி. விளக்கின் ஒளியோ 6,000 கெல்வின் அளவில் நீலம் கலந்த வெண்மையாக இருக்கிறது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டமைத்த அகாசாகி, அமானோ, நகாமுரா என்னும் மூன்று அறிஞர்களுக்கு 2014-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் இக்கருவி உலகுக்கு ஒரு நன்கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீலம் கலந்த ஒளி, இரவில் விரிந்திருக்கும் கண்ணை அதிகமாகக் கூசச் செய்கிறது. மேலும், அதே ஒளி சிறியதோர் இடத்திலிருந்து புறப்படும்போது கூச்சம் மிகுகிறது. வயது முதிர்ந்தோரின் கண்ணில் ஒளி உள்ளே சிதறுவதால் அவர்கள் பார்வை மீள இன்னும் நேரமாகிறது. மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு மூன்று விநாடி கண் தெரியாமற் போனால், அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். கொண்டையூசி வளைவில் 25 மீட்டர் என்பது சாலைக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிது.

இதைவிடப் பெரிய கேடு, ஹாலொஜன் பல்புக்கென அமைந்த விளக்குக்கூட்டில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகுவது. கூட்டின் உட்புறமுள்ள குழியாடி, இழை எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தை மையமாகக் கொண்டு வடிக்கப்பட்டது. ஒளி புறப்படும் இடம் சிறிதளவு மாறினாலும் கதிர்கள் கண்டபடி மேலே சிதறுகின்றன. ஓட்டுபவருக்கு வண்டியின் அருகே வெளிச்சம் மிகுந்தாற்போலத் தோன்றுகிறது. தொலைவிலோ பாதை முன்னைவிட மங்கலாகிறது. எதிரே வருபவருக்கு அது வெறும் வெள்ளைச் சுவராகி விடுகிறது. கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவன் கதைதான் இது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவரைக் கூசச் செய்யாதபடி விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106-ஆவது விதி கூறுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் சமமான சாலைக்கு இந்த அளவு பொருந்தும். போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளுக்கு அது போதாது. மேலேறும் வண்டியின் முகமே வானத்தை நோக்கியிருப்பதால், தாழ்த்திய விளக்கும் மேலிருந்து இறங்குபவரின் கண்ணில் நேரே படுகிறது.

இன்றைய விளக்குகளில் மற்றோர் இயல்பும் உண்டு. தாழ்ந்த ஒளிக்கு மேல் எல்லை கத்தியால் வெட்டினாற்போல அமைந்திருக்கிறது. அக்கோட்டுக்குக் கீழே பட்டப்பகல், மேலே காரிருள். சாலை சட்டென்று மேல்நோக்கித் திரும்பும் வளைவில், நாம் பார்க்கவேண்டிய பகுதி அவ்விருளுக்குள் போய்விடுகிறது. பழைய விளக்கின் ஒளி அங்குமிங்கும் கசிந்து மேட்டையும் ஓரளவு காட்டியது. ஆதலால் மலையில் உயர்ந்த ஒளியைப் போட்டுக்கொண்டு வருபவர் எல்லோரும் முரடர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுள் பலருக்குப் பாதை தெரியவில்லை என்பதே காரணம். எதிர்வண்டியின் வெளிச்சம் வளைவில் தெரிந்தவுடனே 'டிம்' அடிப்பதுதான் இருவருக்கும் நலம்.

வண்டியில் ஏற்றும் சுமையும் இதில் ஒரு காரணம். சாதாரணக் காரில் விளக்கு தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் ஒளி நூற்றுக்கு ஒரு பங்கு கீழே சாய்ந்திருந்தால் 75 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். ஊருக்குப் புறப்படும்போது பின்னிருக்கையில் மூவர், பின்பெட்டியில் மூட்டை முடிச்சுகள். பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் ஒரே ஒரு பாகை உயர்ந்தால் போதும். 50 மீட்டர் தொலைவில் அவ்வொளி 112 சென்டிமீட்டர் உயரத்தில் செல்லும். அது எதிர்க் காரில் இருப்பவரின் கண் மட்டம். இதைச் சரிசெய்யப் பெரும்பாலான கார்களில் 0 முதல் எண்ணிட்ட சிறு திருகு ஒன்று ஸ்டியரிங்குக்கு அருகில் இருக்கிறது. அதன் பயன் என்னவென்று அறியாமலே காரை விற்றுவிடுவோரும் உண்டு. சில புதிய கார்களில் இது தொடுதிரைக்குள் ஒளிந்துகொண்டிருப்பது மற்றொரு தொல்லை.

இனி, திரும்பும் திசையைக் காட்டும் விளக்குகளைப் பார்ப்போம். ஒரு காலத்தில் கதவுத் தூணிலிருந்து சிறு கை ஒன்று வெளியே நீண்டு திசை காட்டியது. அதற்குப்பின் மின்னி மறையும் செம்மஞ்சள் விளக்கு வந்தது. நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறை அது மின்னவேண்டும் என்பது உலக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட முறை. பழைய கார்களில் இவ்விளக்கு மற்ற விளக்குகளிலிருந்து விலகித் தனியே நின்றது. இன்றோ அழகை முன்னிட்டு அதை ஒரு மெல்லிய கோடாக்கி, கண்கூசும் முகப்பு விளக்கின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். இரவில் அது மின்னுவதை எதிரே வருபவர் காண்பது அரிது. சில கார்களில் பின்புறத் திசைவிளக்கைப் பம்பருக்குள் தாழ்வாகப் பதித்திருக்கின்றனர். வாளையாறு வழியே செல்லும் காய்கறி லாரியின் ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். நெரிசலில் அவர் முன்னே ஒரு கார் நெருங்கி நின்றால், அதன் பம்பரில் மின்னுவது அவருக்குத் தெரியவே தெரியாது.

புதுமையில் நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இழை பல்பு முழு ஒளி பெற ஏறத்தாழ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், எல்.இ.டி. உடனே எரிகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடர்பவருக்கு இதனால் மூன்று மீட்டருக்கு மேல் முன்னெச்சரிக்கை கிடைக்கிறது. பிரேக் விளக்குக்கு இது பெரிய பயன். குறை கருவியில் இல்லை. அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது.

பகலிலும் எரியும் முன்விளக்குகள் வேறொரு மயக்கத்தை உண்டாக்குகின்றன. பாலக்காட்டிலிருந்து திருச்சூர் செல்லும் வழியில் குதிரான் சுரங்கப்பாதை 2021 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் இணைப்பாதை 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதைக்குள் நுழைபவர், தம் முன்னே வெளிச்சம் தெரிவதையும் உள்ளே அளவுகாட்டிகள் ஒளிர்வதையும் கண்டு எல்லா விளக்கும் எரிகிறது என்று நம்பிவிடுகிறார். பல கார்களில் பகல் விளக்கு முன்புறம் மட்டுமே எரியும், பின்புறம் இருட்டாயிருக்கும். மாலை மயங்கும் வேளையிலும் மழையிலும் இதே ஆபத்துதான். சுவிட்சைத் தாமே திருப்பி, பின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதே தக்கது.

இடுக்கி மலைகளில் மூடுபனி இறங்கும்போது பலர் நான்கு திசைவிளக்குகளையும் ஒருங்கே மின்னவிட்டுச் செல்கின்றனர். நின்றுபோன வண்டிக்குரிய அடையாளம் அது. ஓடும் வண்டியில் அதைப் போட்டால் பின்னால் வருபவர் நாம் நின்றுவிட்டதாக எண்ணலாம். நாம் இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பும்போது அதைத் தெரிவிக்க வழியும் இல்லாமற் போகிறது. நாற்சந்தியில் நேரே செல்வதற்கு இதைப் போடுவதும் தவறே. பனியில் உயர்ந்த ஒளியும் உதவாது. நீர்த்துளிகள் அதை நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும். மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியலைகளைவிட மிகப் பெரியவை. ஆகையால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பனிவிளக்கின் பயன், அது தாழ்வாகவும் அகலமாகவும் ஒளி வீசுவதில்தான் இருக்கிறது.

மாநிலம் கடந்து ஓட்டுவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். முன்செல்லும் லாரி வலப்பக்க விளக்கை மின்னினால், "என்னை முந்திச் செல்" என்று பொருள் கொள்வோர் உண்டு. "எதிரே வண்டி வருகிறது, முந்தாதே" என்று கொள்வோரும் உண்டு. விதிப்படி அதற்கு ஒரே பொருள்தான்: லாரி வலப்பக்கம் போகப் போகிறது. ஆகையால் பிறர் விளக்கை நம்பி முந்துவதைவிட, சாலை தெளிவாகத் தெரியும் வரை காத்திருப்பது நலம்.

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிப் போய், மாலையில் இறங்கி வரும் தொழிலாளர் பலர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பொழுது சாயும் நேரத்தில் அந்த ஜீப்பின் ஓட்டுநருக்கு எதிரே நம் கார் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் விளக்கு அவர் கண்ணை மறைத்தால், அந்த ஜீப்பில் இருப்போர் அனைவரின் உயிரும் அந்த மூன்று விநாடியில் அடங்கியிருக்கிறது.

ஆகவே, ஊருக்குப் புறப்படுமுன் நான்கு காரியங்களைச் செய்யலாம். வண்டியோடு வந்த பல்பையே வைத்திருக்க வேண்டும். சுமைக்கேற்ப விளக்கின் சாய்வைத் திருத்த வேண்டும். கண்ணாடியையும் விளக்கின் முகத்தையும் துடைக்க வேண்டும். ஒருவரைப் பின்னே நிறுத்தி, பின்விளக்கும் திசைவிளக்கும் எரிவதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இவற்றுக்குக் கால் மணி நேரம் போதும். விளக்கை வடிவமைப்போர் அழகோடு பிறர் கண்ணையும் எண்ணிப் பார்க்கும் நாள் வரட்டும். அதுவரை அந்தப் பொறுப்பு ஓட்டுபவரான நம்முடையதே.