காரணம் தெரியும், கோர்ட்டில் சொல்லக் கூடாது

பாபநாசத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் குண்டாஸில் உள்ளே போய்ப் பதினைந்து நாளாம். "மூன்று வாரக் கெடுவுக்குள் மனு போடாவிட்டால் ஒரு வருஷம் வெளியே வர முடியாதா?" இதே பயத்தோடு வேறு சில கடிதங்களும் வந்திருக்கின்றன. அந்தக் கெடு உங்களுக்கு வைத்ததல்ல. காவல் ஆணையை, அது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க அரசுக்கு வைத்தது.

குண்டாஸ் என்றால் என்ன என்று நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. 1982இல் வந்த குண்டர் தடுப்புச் சட்டம். ஆனால் அதன் எலும்புக்கூடு பழையது. கம்யூனிஸ்ட் பயத்தில் செய்தது. கீழத்தஞ்சையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் விவசாயிகள் சங்கம் கட்டி, பண்ணையாட்கள் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நிமிர்ந்த காலம். அரசு அதைப் பொது அமைதிக்குப் பங்கம் என்றது. அரசு அகராதியில் பொது அமைதி என்றால், களத்தில் ஆண்டை நெல் அளக்கும்போது அளக்கப்படுபவன் வாய் திறக்காமல் நிற்பது. அந்த இயக்கத்தின் களப்பால் குப்பு திருச்சிச் சிறையில் இறந்தார். அதே இயக்கத்தின் வாட்டாக்குடி இரணியனை 1950 மே மாதம் போலீஸ் சுட்டுக் கொன்றது. சேலம் சிறையில் அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் இறந்தார்கள். அரசியல் சட்டம் அமலுக்கு வந்து அப்போது பதினாறே நாள்.

அந்த மாதக் கடைசியில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதன் 14ஆம் பிரிவைப் படித்தபோது, எழுதியவரின் மூளையை நினைத்துக் கொஞ்சம் நடுங்கினேன். உங்களை ஏன் பிடித்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். அதைப் படிக்கலாம். நீதிபதியிடம் அதில் உள்ளதைச் சொல்லக் கூடாது. நீதிபதி கேட்கவும் கூடாது. அனுமதியின்றி வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. காரணம் பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்; சொன்னாலோ குற்றம்! பூட்டையும் கொடுத்து, சாவியைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்கிற கதை.

1947 டிசம்பரிலிருந்தே உள்ளே இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு, 1950 மார்ச் 1 அன்று சிறைக்குள்ளேயே இந்தச் சட்டப்படி புது ஆணை கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். மே 19 தீர்ப்பில் ஆறு நீதிபதிகளும் 14ஆம் பிரிவைத் தூக்கி எறிந்தார்கள். மற்ற சட்டம் செல்லும் என்றது பெரும்பான்மை. நீதிபதி ஃபசல் அலி ஒத்துக்கொள்ளவில்லை. 1951 ஏப்ரல் 1 வரைதான் என்று வந்த சட்டம், நீட்டி நீட்டி 1969 டிசம்பர் வரை ஓடியது. பிறகு மிசா, தேசியப் பாதுகாப்புச் சட்டம், குண்டாஸ். குற்றம் நடக்குமுன்பே ஆளைப் பிடிப்பது, விசாரணைக்குப் பதில் அறிவுரைக் கழகம் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. கதிராமங்கலம் எண்ணெய்க் குழாய் எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி மீது 2017இல் பாய்ந்ததும் இதே குண்டாஸ்தான். ஐகோர்ட் ரத்து செய்தது.

மற்ற கேள்விகள்:

வக்கீல் வைக்கலாமா? அறிவுரைக் கழகத்தில் முடியாது. வக்கீலல்லாத நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேட்கலாம்.

ஜாமீன்? மூல வழக்கில் கிடைத்தாலும் குண்டாஸ் காவல் தொடரும். அதற்கு ஆட்கொணர்வு மனுதான், தஞ்சை மாவட்டத்துக்கு மதுரைக் கிளையில்.

காரணத் தாள் எப்போது வரும்? ஐந்து நாளுக்குள், மகனுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும்.

அம்மா, அந்தத் தாளும் இணைப்புகளும் மகனிடம் இருக்கும். படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கம் ஒன்று இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஓட்டைகளால் விழுந்த ஆணைகள் உண்டு. முறையீட்டை அரசுக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் தேதி போட்டு இன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீது பத்திரம்.